ஒரிஜினல் சான்றிதழ் ஆஸ்பத்திரியில். சவுதிக்குப் போவது எப்படி?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேரும்போது எழுதிக் கொடுத்த இரண்டு வருட பாண்ட் முடிந்துவிட்டது. பி.எஸ்சி. நர்சிங் ஒரிஜினல்களைக் கேட்டால், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார்கள். சவுதி வேலைக்கு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். அனுபவச் சான்றிதழையும் தானே ரெடி பண்ணித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த ஏஜென்ட்டை நம்பாதீர்கள், சகோதரி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் சான்றிதழ்.

படித்து வாங்கிய சான்றிதழ் விலைபோகும் சரக்கு அல்ல, அதைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லிவிட்டது. உங்களுக்கோ பாண்டும் முடிந்துவிட்டது. பிறகு எதற்கு மூன்று மாதச் சம்பளம்? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த நாட்களை டியூட்டி பார்த்துக் கழித்துவிட்டால் பணம் கட்ட வேண்டிய பேச்சே இல்லை.

ஹெச்.ஆர். அறையில் போய் வாய்வார்த்தையாகக் கெஞ்ச வேண்டாம். எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று பட்டியலிட்டு, 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி மருத்துவமனையின் மெயிலுக்கு எழுதுங்கள். அதையே ஸ்பீடு போஸ்டில், டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் நோட்டீஸ் போனதுமே அலமாரி திறந்துவிடும்.

இப்போது ஏஜென்ட். சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்கள், பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். (குடியேற்ற அனுமதி தேவைப்படாத) வகையாக இருந்தாலும், 2015 முதல் மத்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்கித்தான் போக வேண்டும். மற்ற பட்டதாரிகளுக்கு இல்லாத நிபந்தனை இது. ஏஜென்ட்டுகள் நர்சுகளிடம் லட்சக்கணக்கில் கறந்ததால்தான் மத்திய அரசு இதைக் கொண்டுவந்தது. ஆள் எடுக்கும் பொறுப்பையும் அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட்டே ஆனாலும், வேலைக்குப் போகிறவரிடம் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தரமாட்டார். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் உள்ள மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தால் அத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்ட விரோதம். சிக்கினால் உதவிக்கு ஏஜென்ட் வரமாட்டார்.

ரெடி பண்ணித் தரும் அனுபவச் சான்றிதழ் இதைவிட ஆபத்து. சவுதி நர்சிங் லைசென்சுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுக்கும் தாளை அவர்கள் அப்படியே ஏற்பதில்லை, சான்றிதழ் தந்த இடத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். பொய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், துபாய்க்கு முயன்றாலும் அங்கேயும் இதே டேட்டாஃப்ளோதான்.

நான்கு வருட உண்மையான அனுபவம் இருக்கும் உங்களுக்குப் பொய்த்தாள் எதற்கு? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மருத்துவமனைகள் பல, முதல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று டிரெய்னியாக வைத்துக்கொண்டு பி.எஃப். பிடிக்காமல் ஓட்டுகின்றன. நீங்கள் சேர்ந்தது ஜூன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பி.எஃப். பாஸ்புக்கில் முதல் மாதச் சந்தா டிசம்பரில்தான் ஏறியிருக்கும். சான்றிதழில் ஜூன் முதல் ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதி வாங்கி, ஹெச்.ஆர். தன் பதிவேட்டைப் பார்த்து டிசம்பர் என்று டேட்டாஃப்ளோவுக்குப் பதில் போட்டால், முரண்பாடு என்று வரும். அதனால் டிரெய்னி காலம் இருந்திருந்தால் டிரெய்னி என்றே தனித் தேதியோடு எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் குறைந்தாலும் பரவாயில்லை, தேதி இடிக்கக் கூடாது. லெட்டர்ஹெட், பதவி, வார்டு, முழுநேர வேலை என்ற குறிப்பு, கையெழுத்துப் போட்டவரின் அலுவலக மெயில் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் பெயரும் அதேபோல வர வேண்டும்.

ஒரு பட்டத்தைச் சரிபார்க்கக் கல்லூரி, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், நர்சிங் கவுன்சில் என்று இத்தனை படி ஏற வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். எல்லாம் கணினியில் இருக்கும் காலத்தில், நைட் டியூட்டி முடித்த பெண்ணைப் பஸ் ஏறிச் சென்னைக்கு வரவைப்பது என்ன நியாயம்? ஆனால் அந்த எரிச்சலில்தான் பலர் ஏஜென்ட் கையில் போய் விழுகிறார்கள். நீங்கள் விழ வேண்டாம்.

கடைசி நாளில் செட்டில்மென்ட் தாள் நீட்டுவார்கள். அனைத்தும் பெற்றுக்கொண்டேன் என்ற வரி அதில் இருக்கும். ஒரிஜினல்களையும் ரிலீவிங் ஆர்டரையும் கையில் வாங்கி எண்ணிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.