அம்மாவின் அறையில் போகும் நேரம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது என்றே நாள் ஓடிவிடுகிறது. வேதவாசிப்பு, ஜெபம், சபை ஊழியம் எதற்கும் நேரமில்லை. அம்மா தூங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரமும் கைபேசியில் போய்விடுகிறது. ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற வசனத்தைக் கேட்டாலே மனம் குத்துகிறது. என் நாட்கள் வீணாகின்றனவா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அம்மாவோடு போகும் நேரத்தையும் கைபேசியில் போகும் நேரத்தையும் ஒரே குற்றவுணர்வில் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். அவை இரண்டும் வேறு.

மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவளிடம் போகும் வழியில், 12 வருடமாகப் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத உதிரப்போக்கினால், அவதிப்பட்ட பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்டவுடனே குணமாகிவிட்டாள். அவர் அப்படியே நடந்திருக்கலாம். ஆனால் நின்று, யார் தொட்டது என்று கேட்கிறார். அவள் ‘உண்மையையெல்லாம்’ சொன்னாள் என்கிறார் மாற்கு. எத்தனை வைத்தியர்கள், எவ்வளவு செலவு, எத்தனை வருட வேதனை! இரண்டு வார்த்தையில் முடிகிற கதையா அது? பக்கத்தில் நிற்கும் யவீருவுக்கு எப்படி இருந்திருக்கும்! இயேசு அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சிறுமி இறந்த செய்தி வந்துவிடுகிறது. நம் கணக்கில் அந்தத் தாமதம் பெருநஷ்டம். அவரோ அந்தப் பெண்ணை ‘மகளே’ என்று அழைத்து, சமாதானத்தோடே அனுப்பிவிட்டுத்தான் யவீருவின் மகளை எழுப்பப் போனார்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோருக்குச் சேரவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். நேரத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்தைக் கர்த்தரிடமிருந்து திருடியதாக எண்ணவே எண்ணாதீர்கள்.

கைபேசி விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். உங்கள் மனதைக் குத்தும் அந்த வசனம் எபேசியர் 5:16; அதில் ‘பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு விலைகொடுத்து மீட்பது என்று பொருள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டதைக் கலாத்தியர் 3:13இல் சொல்லும்போதும் அதே சொல்தான். எதையாவது விடாமல் நேரம் மீளாது. ஓய்வை விடச் சொல்லவில்லை. சோர்ந்து விழுந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். உங்களுக்கும் தூக்கம் வேண்டும். கைபேசி அதைத் தருவதில்லை. கண் எரியும்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, என்ன பார்த்தோம் என்றே நினைவில்லாமல் விழித்துக் கிடந்த இரவுகள் எனக்கும் உண்டு. அதை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.

வேதவாசிப்புக்குத் தனி நேரம் தேட வேண்டாம். அம்மாவுக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து 23ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஆறே வசனம்தான். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். அடுத்த வார்த்தையை அம்மா சொல்லக்கூடும்.

அன்புடன்.