என் மனைவியை லாட்டரியிலிருந்து மீட்பது எப்படி?

மேடம், வணக்கம்.

எனக்கு 41 வயது. சொந்த ஊர் திருச்சிப் பக்கம். பாங்காக்கின் சீலோம் பகுதியில் ரத்தினக் கல் வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். மனைவி தாய்லாந்துக்காரர். வடகிழக்கே உதோன் தானி மாகாணத்தில் ஒரு கிராமம். ஆறு வயதில் ஒரு மகள். மனைவியின் லாட்டரிப் பழக்கத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இங்கே மாதாமாதம் 1-ம் தேதியும் 16-ம் தேதியும் அரசு லாட்டரிக் குலுக்கல். அந்த இரண்டு நாளும் மதியத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்க முடியாது. பைக் டாக்சிக்காரர், பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் அக்கா, எங்கள் கட்டடத்துக் காவலாளி, எல்லோரும் போனைப் பார்த்தபடி நிற்பார்கள். சீட்டு விலை 80 பாட். தெருவில் 100 கேட்பார்கள். ஆறு இலக்கமும் பொருந்தினால் 60 லட்சம் பாட். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் பொருந்தினால் 2,000.

மனைவி ஒவ்வொரு தடவையும் இரண்டு சீட்டு வாங்குவார். அதுகூடப் போகட்டும், நம்பரைத் தேடும் விதம்தான் பொறுக்கவில்லை. கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர். வழியில் கார் கவிழ்ந்து கிடந்தால் அதன் பிளேட். பிரதமர் ஏறிப்போகும் காரின் நம்பரையும் விடுவதில்லை. இங்கே ஆன் நுட் பகுதியில் வாட் மகாபுத் என்ற கோயில் வளாகத்தில் மே நாக் சன்னதி இருக்கிறது. பிரசவத்தில் இறந்த பிறகும் கணவனோடு குடித்தனம் நடத்திய பெண் என்பது கதை. அவளுக்குப் பட்டுடை சாத்திவிட்டு மரத்தடிக்குப் போவார்கள். போன மாதம் என்னையும் இழுத்துப்போனார். மரப்பட்டையில் டால்கம் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உற்றுப் பார்த்து, "ஏழு" என்றார். மனைவி "ஒன்று" என்றார். கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு இரண்டையும் குறித்துக்கொண்டார்கள். மாமியார் இன்னும் ஒரு படி மேல். எரிந்து முடிந்ததும் நம்பர் தெரியும் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, ஊரிலிருந்து வீடியோ காலில் காட்டுவார்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. அப்பா திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டியவர். அவர் சட்டைப்பை எப்போதும் சீட்டுக் கட்டால் புடைத்திருக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் உடைத்தார். வாழ்க்கையில் ஒரு சீட்டுகூட வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை வாங்கியதில்லை.

நானும் கொஞ்சம் விளையாடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னுடையது கணக்கு. இங்கே 'ஹுவை தை தின்' என்று ஒன்று உண்டு, தரைக்கு அடியில் நடக்கும் லாட்டரி என்று அர்த்தம். அரசுக் குலுக்கலின் கடைசி இரண்டு அல்லது மூன்று இலக்கத்தின் மேல் தனியாள் ஒருவரிடம் பணம் கட்டுவது. சட்டப்படி தப்புதான், ஆனால் எந்தச் சந்துக்குப் போனாலும் ஆள் இருக்கும். என் ஆள் இரண்டு இலக்கத்துக்கு 70 மடங்கு தருகிறார், வரிசை மாறாமல் நேராக வரும் மூன்று இலக்கத்துக்கு 500. அரசாங்கம் 80 பாட்டுக்கு 2,000, அதாவது 25 மடங்குதான். எது புத்திசாலித்தனம், நீங்களே சொல்லுங்கள். 2010 முதல் வந்த எண்களையெல்லாம் எக்ஸெலில் ஏற்றியிருக்கிறேன். தேதி, மேல் மூன்று (முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம்), கீழ் இரண்டு (தனியாகக் குலுக்கும் இரண்டு இலக்கம்), கடைசியாக வந்து எத்தனை குலுக்கல் ஆயிற்று என்று தனித்தனிக் கட்டம். கீழ் இரண்டில் 62 வந்து 14 மாதம் ஆகிறது. எந்த நேரமும் வரவேண்டியது. ஒரு தடவை 347 கட்டியிருந்தேன், 374 விழுந்தது. இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். வழி சரி என்பதற்கு வேறென்ன வேண்டும்?

200 பாட்டில் ஆரம்பித்தது, இப்போது ஒரு குலுக்கலுக்கு 9,000 வரை ஆகிறது. சம்பளம் 65,000. அப்புறம் பட்டறையில் மியான்மர் பையன்கள் '2டி' ஆடுகிறார்கள். இங்குள்ள பங்குச் சந்தை எண்களிலிருந்து எடுக்கும் இரண்டு இலக்கம், மதியம் ஒன்று, மாலை ஒன்று. அதிலும் சும்மா பொழுதுபோக்காக வைப்பேன். கடன் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பாட் இருக்கிறது. கொஞ்சம் முதலாளியிடம் முன்பணம், மீதி வெளியே, மாதம் 20 வட்டி. கம்பெனிப் பெட்டிச் சாவி என்னிடம்தான், ஆனால் அதைத் தொட்டதில்லை. மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால், கடனை அடைக்க வேண்டுமென்று இன்னும் நாலு சீட்டு வாங்குவாரோ என்று பயம்.

மகள் இப்போதே கார் நம்பர்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். மனைவியை இதிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது? வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், பாங்காக்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். கணக்காளர் எழுதியது என்பதால் எண்களை மட்டும் ஓரத்தில் எடுத்து எழுதினேன். மனைவி ஒரு குலுக்கலுக்கு இரண்டு சீட்டு, தெரு விலையில் 200 பாட். வருடத்துக்கு 24 குலுக்கல், மொத்தம் 4,800. நீங்கள் ஒரே குலுக்கலில் வைக்கும் 9,000, அவர் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் செலவழிப்பது. '2டி'யை நான் சேர்க்கவே இல்லை. அதற்கு நீங்கள் தொகை சொல்லவில்லை.

உங்கள் எக்ஸெலிலும் ஒரு குறை கண்ணில் பட்டது. நாலு கட்டம் சொன்னீர்கள். அதில் கட்டிய பணம், வந்த பணம் என்று எதுவும் இல்லை. பகலெல்லாம் பற்று வரவு பார்ப்பவர் தன் சொந்த ஏட்டில் அந்த இரண்டையும் விட்டுவிட்டீர்கள். மறதி என்று நான் நினைக்கவில்லை.

62-க்கு வருவோம். 00 முதல் 99 வரை நூறு எண்கள். வருடத்துக்கு 24 குலுக்கல் என்றால், ஒவ்வொரு தடவையும் புது எண் விழுந்தாலும் 76 எண்கள் அந்த வருடம் வராமல்தான் போகும். 14 மாதம் வராமலிருப்பது 62-க்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை, முக்கால்வாசி எண்களின் கதியே அதுதான். குலுக்கலில் விழும் பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. அடுத்த குலுக்கலிலும் 62-க்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான், போன தடவை வந்த எண்ணுக்கும் அதேதான். "இவ்வளவு நாள் வரவில்லை, இனி வந்தாக வேண்டும்" என்பதைச் சூதாடியின் மயக்கம் என்று எங்கள் மனநலத் துறையில் சொல்வோம். மரப்பட்டையில் ஏழா, ஒன்றா என்று வாதாடிய அந்தப் பாட்டியும் உங்கள் கோப்பும் இந்த விஷயத்தில் ஒரே ஊர்தான். பாட்டிக்குப் பவுடர் செலவோடு போயிற்று.

347-க்கு 374 விழுந்ததும் அப்படித்தான். மயிரிழையில் தப்பியது மாதிரி இருக்கும், ஆனால் அது முழுத் தோல்வி. இருந்தும் நம் மூளை அதைத் தோல்வியாகப் பதிவு செய்வதில்லை, கிட்டத்தட்ட ஜெயித்ததாகப் பதிவு செய்கிறது. அடுத்த பந்தயத்துக்குத் தள்ளுவதில் அசல் தோல்வியைவிட இதற்கு வேகம் அதிகம்.

உங்கள் ஆள் அரசாங்கத்தைவிட அதிக மடங்கு தருகிறார் என்பது உண்மைதான். ஆனால் நூறு எண்களுக்கு 70 மடங்கு என்றால், நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100 பாட்டிலும் சராசரியாக 30 அவருக்கு. ஆயிரம் எண்களுக்கு 500 மடங்கு என்றால் சரிபாதி. அரசு லாட்டரியிலும் விற்பனைப் பணத்தில் 60 விழுக்காடுதான் பரிசாகத் திரும்புகிறது, சட்டமே அப்படி. அந்த மரத்தடியில் கூட்டம் கூட்டமாக ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு வந்தால், உங்கள் ஆளைப் போன்றவர்கள் பாதிதான் தருவேன் என்பார்கள், அல்லது அந்த எண்ணையே வாங்க மறுப்பார்கள். அவர்கள் கோப்பில் பணத்துக்குக் கட்டம் உண்டு.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மனைவி சீட்டு வாங்க வேண்டுமென்றால் பர்ஸில் காசு இருக்க வேண்டும். விற்பவரின் பெட்டியில் அந்த எண் இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்றுமே தடுப்பணைகள். உங்களுக்கு எந்த எண்ணும் எழுதலாம், எவ்வளவும் எழுதலாம், இருபது வட்டிக்குக் கிடைக்கிற காசையும் வைக்கலாம். பொறுப்பதற்கும் அவசியமில்லை, '2டி' வந்துவிட்டது. வருடத்துக்கு 24 தடவை இருந்தது, இப்போது ஒவ்வொரு வேலை நாளும் இரண்டு தடவை. பந்தயத்துக்கும் முடிவுக்கும் இடைவெளி குறையக் குறையப் பிடி இறுகும். பொழுதுபோக்கு என்று நீங்கள் ஒதுக்கிவைத்ததைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

எங்களிடம் ஆரம்பப் பரிசோதனைக்கு இரண்டே கேள்விகள் உண்டு. வைக்கும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை உங்களுக்கு வேண்டியவர்களிடம் மறைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். நீங்கள் இரண்டுக்கும் கடிதத்திலேயே பதில் எழுதிவிட்டீர்கள். இதற்காக உங்களைக் கெட்டவர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் சூதாட்டக் கோளாறை மது, போதை அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவில் சேர்த்தது. பேச்சு சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் பிரச்சினை இது.

கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கடன் இல்லை, "பெட்டிச் சாவி என்னிடம்தான், ஆனால் அதைத் தொட்டதில்லை" என்ற வரி. அதை நான் கேட்கவே இல்லையே. மனசுக்குள் யாரோ கேட்டிருக்கிறார்கள், நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வாரமே ஏதாவது ஒரு காரணம் சொல்லி அந்தச் சாவியை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சீட்டு வாங்க மாட்டேன் என்ற சபதத்தை ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள், வாங்கியது சீட்டு இல்லை என்பதால். புடைத்த சட்டைப்பை உங்களுக்கு அடையாளம் தெரியும். எக்ஸெல் கோப்பு புடைக்காது. மனைவியின் மேல் வரும் கோபத்திலும் பாதி, உங்கள் அம்மா அப்பாமேல் கொண்டிருந்த கோபம்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். யோசித்துப் பாருங்கள், தப்பாகவும் இருக்கலாம்.

மனைவியின் விளையாட்டு ஆபத்தே இல்லாதது என்று சொல்லமாட்டேன். அவரும் கடன் வாங்கி ஆட ஆரம்பித்தால் இதே பேச்சைத்தான் பேசுவேன். ஆனால் இப்போதைக்கு அவருக்கு அதில் கிடைப்பது ஒரு கோயில் போக்குவரத்து, முன்பின் தெரியாத பாட்டியோடு ஒரு வாதம், ஊரிலிருந்து அம்மாவின் வீடியோ கால். வளர்ந்து பெரியவளாகிற வரைக்கும் பரீட்சை நம்பரைக் கூட்டி ஒன்பது வருகிறதா என்று பார்த்தவள்தான் நானும். அவர் நாலு பேரோடு ஆடுகிறார், அதுவும் வீட்டுக்குத் தெரிந்து. மகள் கார் நம்பர் வாசிப்பதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அம்மா முன்னால் வாசிக்கிறாள் அல்லவா, அது போதும்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த குலுக்கலுக்கு முன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மகள் தூங்கியபின், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. அதற்கு முன் விட்டுப்போன அந்த இரண்டு கட்டத்தையும் உண்மையாக நிரப்புங்கள். அந்தக் கூட்டுத்தொகையை முதலில் நீங்கள் தனியாகப் பார்ப்பதே கஷ்டமாக இருக்கும். "நீயும்தானே சீட்டு வாங்குகிறாய்" என்ற பேச்சு அன்று வாயில் வரக்கூடாது. அவர் அழலாம், உதோனுக்குக் கிளம்புகிறேன் எனலாம். இன்னும் நாலு சீட்டு வாங்குவார் என்று நான் நம்பவில்லை. அந்தப் பயம் நீங்கள் மௌனத்துக்கு மாட்டிய சட்டை.

சம்பளக் கணக்கைச் சில மாதம் அவர் பார்க்கட்டும். அங்கே தனியார் கடனுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடுதான் சட்டப்படி உச்சம். மாதம் 20 வட்டி கேட்பவரிடம் தனியாகப் போய்ப் பேசாமல், மொழி தெரிந்த மனைவியோடும் ஒரு வழக்கறிஞரோடும் பேசுங்கள். சூதாட்டப் பாக்கியை அந்நாட்டு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கவும் முடியாது. ஆனால் 1935-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பணம் கட்டியவரையும் தண்டிக்கும். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

பாங்காக்கில் ஆங்கிலத்தில் பேசக்கூடிய மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனைகள் பல உண்டு. சூதாடிகள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்கள் இணையத்திலும் கூடுகின்றன. முதல் கூட்டத்தில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்காமல் விடமாட்டேன்: கடனை நினைத்து, இருப்பதே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே மனைவியை எழுப்புங்கள். அந்நாட்டு மனநலத் துறையின் உதவி எண் 1323, இரவு பகல் எடுப்பார்கள்.

வரும் 16-ம் தேதி மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரைக்கும் எங்கே இருக்கப்போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். போன் கையில் இல்லாத இடமாக இருக்கட்டும். மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகலாம். 62 வந்தாலும் வரும், நூற்றில் ஒன்று. அன்று அது வந்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 17-ம் தேதி எழுதுங்கள்.