விண்வெளி: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: பி1 வகைச் சூரியத் தீப்பிழம்பைவிட எக்ஸ்1 ஆயிரம் மடங்கு வலுவானதாமே! இரண்டையும் ஒரே எக்ஸ் கதிர்க் கருவி எப்படி அளக்கிறது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: திணறித்தான் அளக்கிறது. 2003 நவம்பர் 4இல் அமெரிக்காவின் கோயஸ் செயற்கைக்கோள் உணரி பத்து நிமிடத்துக்கும் மேல் உச்சவரம்பில் முட்டி நின்றது. எக்ஸ்28 என்ற மதிப்பு பிறகு கணித்ததுதான்.

நிறமாலை எடுக்கும் கருவிகளில் கோளாறு கண்ணுக்கே தெரியாது. ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒவ்வொன்றாக வந்தால்தான் ஆற்றலைப் பிரித்து அளக்கலாம். 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு ஒரே சமயத்தில் விழுந்தால், 4 கொண்ட ஒன்றாகப் பதிவாகும். எண்ணிக்கை குறைந்து ஆற்றல் கூடுவதால், பிழம்பு உள்ளதைவிடச் சூடாகத் தெரியும்.

சந்திரயான்-2இன் எக்ஸ்எஸ்எம் கருவியில், பிழம்பு எம்5 அளவைத் (எக்ஸ்1இல் பாதி) தாண்டினால் 250 மைக்ரான் பெரிலியத் தகடு தானாக முன்னால் வந்துவிடும். நெரிசலுக்குக் காரணமான குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை அது விழுங்கிவிடும். ஆனால் மக்னீசியம், சிலிக்கான் தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும் நிறமாலைக் கோடுகள் விழும் பகுதியும் அதோடு போய்விடும். ஆதித்யா-எல்1இன் சோலெக்ஸ் கருவியில் 7.1, 0.1 சதுர மில்லிமீட்டர் துளைகளோடு இரண்டு உணரிகள். பெரிய பிழம்புக்குச் சிறிய துளை, அமைதியான சூரியனுக்குப் பெரிய துளை. பிழம்பின் நடுவே எதையும் மாற்ற வேண்டாம் என்பதால் எங்கள் ஓட்டு இதற்கே.

கேள்வி: ஆதித்யா தரவை வைத்துக் கல்லூரி புராஜெக்ட் செய்ய முடியுமா? (மாணவர், கோவை)

பதில்: தாராளமாக. இஸ்ரோவின் பிரதான் (PRADAN) என்ற தரவு இணையதளத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். நியூபர்ட் விளைவைச் சோதியுங்கள். வேகமான எலக்ட்ரான்கள் சூரியனின் கீழ் வளிமண்டலத்தில் மோதும்போது வன் (அதிக ஆற்றல்) எக்ஸ் கதிர் பிறக்கும். அதில் சூடான வாயு மேலேறி நிரம்ப நிரம்ப மென் (குறைந்த ஆற்றல்) எக்ஸ் கதிர் கூடும். அதனால் சோலெக்ஸ் வரைகோடு ஏறும் வேகம், ஆதித்யாவின் இன்னொரு கருவியான ஹெலியோஸ் காட்டும் வன் கதிர் வரைகோட்டை ஒத்திருக்க வேண்டும்.

பிழம்புக்கு முந்தைய பின்னணி அளவை முதலில் கழியுங்கள். நொடிக்கு நொடி வித்தியாசம் எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 10 நொடிச் சராசரி எடுத்த பிறகு வகையிடுங்கள் (அதாவது, ஏறும் வேகத்தைக் கணக்கிடுங்கள்). மென் கதிர் உச்சம் வரை மட்டும் ஒப்பிட்டால் போதும், அதன்பின் அந்த வேகம் எதிர்க்குறியாகிவிடும். எல்லாப் பிழம்பும் இந்த விதிக்கு அடங்காது. அடங்காதவற்றையும் அறிக்கையில் சேருங்கள்.

கோயஸ் தரவோடு ஒப்பிடுவதானால் ஒன்று: ஆதித்யா நம்மைவிடச் சூரியனுக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. அதே ஒளி அதற்கு 5 நொடி முன்பே போய்ச் சேரும்.