பனிப்பாறையின் மேல் சிவப்புத் திட்டுகள் ஏன் வருகின்றன? பனியில் உயிர் வாழ முடியுமா?

முடியும். அந்தச் சிவப்பே உயிர்தான். 1818-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸின் கப்பல் கிரீன்லாந்துக் கரையோரம் போனபோது பாறைச் சரிவுகளில் பனியெல்லாம் சிவந்து கிடந்ததாம். விண்கல் இரும்பாக இருக்குமோ என்றுகூட அப்போது பேசினார்கள். உண்மையில் அது ஒரு செல் பாசி. வகையில் பச்சைப்பாசிதான், ஆனால் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியைத் தனக்குள் நிரப்பிக்கொள்கிறது. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் அவ்வளவு கடுமை. நிறமிதான் அதற்குக் குடை. கோடையில் பனி இளகி நீர் கசிந்தால் போதும், பாசி பெருகிவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கிரையோகோனைட் குழிகள். காற்றில் வந்த கருந்தூசி பனிக்கட்டி மேல் படிகிறது, வெயிலில் சூடாகிக் கீழே உருக்கிக்கொண்டு இறங்குகிறது. உருளையாக ஒரு குழி, அடியில் கரிய வண்டல், மேலே தெளிந்த நீர். நீலப்பச்சை பாக்டீரியாக்கள் இழையால் அந்தத் தூசியைச் சிறு உருண்டைகளாகக் கட்டிவைக்கின்றன. அவற்றை நம்பி நீர்க்கரடிகள் என்ற நுண்விலங்குகள்கூட அங்கே குடியிருக்கின்றன!

சரி, இதனால் பாதிப்பு உண்டா? உண்டு. நிறம் ஏறிய பனி வெயிலைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், அதனால் வேகமாக உருகும். உருகிய நீரில் பாசி இன்னும் பெருகும்.