ஏறும்போது பைக்குள் இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

கனடாவில் இருக்கும் மாமா அல்பாக்கா என்ற பிராணியின் கம்பளியில் ஒரு சுவெட்டரும் இரண்டு சோடி மேஸும் அனுப்பியிருக்கிறார். மாசியில் நண்பர்களோடு சிவனொளிபாதமலை ஏறிவிட்டு, மலைநாட்டில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்க யோசிக்கிறோம். யாழ்ப்பாணத்து வெக்கையில் சுவெட்டரைத் தொட்டாலே வியர்க்கிறது. கொண்டுபோனால் வீண் சுமையா? பொலியெஸ்டர் ஜாக்கெட் போதாதா? இதை எப்படித் தோய்ப்பது?

ஒரு வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மலை ஏற வேண்டாம்.

நான் முதல்தடவை நல்லதண்ணியில் இருந்து பருத்தி ரீசேட்டோடுதான் ஏறினேன். படி ஏற ஏற உடம்பு கொதித்தது. உச்சி 2,243 மீற்றர். போய்ச் சேர்ந்தபோது விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. காற்று அடிக்கத் தொடங்கியதும் வியர்வையில் ஊறிய ரீசேட் முதுகோடு ஒட்டி, பல் கிட்டிப்போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்காமலே தன் போர்வையில் பாதியை என்மேல் போட்டார். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கம்பளியில் சூட்டைப் பிடித்து வைப்பது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று. அல்பாக்கா இழைகளில் பலவற்றுக்கு உள்ளேயும் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டு. பேரு, பொலிவியா நாடுகளின் அந்தீஸ் மேட்டுநிலத்தில், 4,000 மீற்றர் உயரத்தில், பகல் வெயிலையும் இரவு உறைபனியையும் தாங்கி வளரும் பிராணி அது. ஏறும்போது உடனே காயும் விளையாட்டு ரீசேட் போதும். சுவெட்டரைச் சொப்பின் பைக்குள் சுற்றி வையுங்கள். உச்சியில் நின்றவுடன், குளிர முன்னமே, ஈர ரீசேட்டைக் கழற்றிவிட்டு அதைப் போடுங்கள்.

செம்மறிக் கம்பளியில் இருக்கும் எண்ணெய் இதில் மிகக் குறைவு. அதனால் ஆட்டு மணம் இல்லை, ஆனால் மழைக்கு நனையும். மேலே ரெயின்கோட் வேண்டும்.

பொலியெஸ்டர் மலிவு, கெதியாகக் காயும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு மூட்டினால் ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும். கம்பளி அந்த இடத்தில் கருகுவதோடு நின்றுவிடும்.

மேஸின் லேபலைப் பாருங்கள். கொஞ்சம் நைலோன் கலந்திருந்தால் நல்லது. தனி அல்பாக்கா இழுபட்டால் திரும்பச் சுருங்குவது குறைவு, சப்பாத்துக்குள் சரிந்து மடிந்து காலில் கொப்புளம் போடும். ஒரு சோடியை நித்திரைக்கு மட்டும் வையுங்கள். பகல் முழுக்க நடந்த மேஸோடு படுத்தால் விடியும்வரை கால் சூடேறாது.

இனித் தோய்ப்பது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சவர்க்காரத்தோடு சேர்ந்து திரளும். அது இழையில் ஒட்டினால் மென்மை போய்விடும். மாரி மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் தோயுங்கள். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரும் பரவாயில்லை, சவர்க்காரத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் ஷாம்பு போடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாய்மேல் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் தண்ணீர்ப் பாரத்தில் இழுபட்டு நீண்டுவிடும், பிறகு பழைய அளவுக்கு வராது.

போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா