இடமில்லை என்றால், எங்கே இடமில்லை?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து அப்டேட் செய்யும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை என்ற கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: பேக்கப் எடுக்காமல் கீழே சொல்லும் எதையும் செய்யாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறும்போது இடம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. சி டிரைவில் 11 ஜிபி காலி. எதை அழிக்கலாம்?

25, 30 ஜிபி காலியாக இருந்தால்தான் நிம்மதியாக முடியும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ் போய்ப் பழைய அப்டேட் மிச்சங்களை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கும். பார்க்காமல் அதையும் டிக் செய்தால், இறக்கி வைத்த வில்லங்கச் சான்றிதழும் மார்க்‌ஷீட்டும் சேர்ந்தே போய்விடும். ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) பயன்படுத்தாதவர் அதை அணைத்துவிடலாம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6 ஜிபிக்கு மேல் மிச்சமாகும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) என்ற சிஸ்டம் ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறதே என்று கையால் அழிக்காதீர்கள். அதில் நிறைய வேறு இடத்தில் இருக்கும் அதே ஃபைல்தான், அளவு மட்டும் இரண்டு முறை கணக்காகிறது. சிஸ்டம் கிளம்பாமல் போனால் யாராலும் உதவ முடியாது.

கேள்வி: அப்டேட் போட்டால் ஸ்பேஸ் எரர் வருகிறது. அவசரம். என்ன செய்ய?

எந்த சிஸ்டம், எந்த டிரைவ், திரையில் வந்த எண் என்ன? ஒன்றுமே எழுதவில்லை. அவசரம் என்றால் முதலில் அந்தச் செய்தியை ஃபோனில் படமெடுத்து அனுப்புங்கள். முழுச் செய்தி வேண்டும், பாதி அல்ல.

கேள்வி: சி டிரைவில் 200 ஜிபி சும்மா கிடக்கிறது. ஆனாலும் 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை' என்கிறது. எஸ்எஸ்டி கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. நிரம்பியிருப்பது சி டிரைவ் அல்ல. கணினி கிளம்பத் தேவையான ஃபைல்கள் இருக்கும் சின்னப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி அது. பெரும்பாலும் 100 எம்பிதான், எக்ஸ்புளோரரில் கண்ணுக்குத் தெரியாது. அதில் சுமார் 15 எம்பி காலி இருந்தால் வேலை முடிந்துவிடும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மவுண்ட்வால் (mountvol) கட்டளையால் அதற்கு ஒய் (Y) என்ற டிரைவ் எழுத்தைக் கொடுத்து, உள்ளே இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்று போனால் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள எழுத்துருக்களை மட்டும் அழியுங்கள். மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி இது. பக்கத்தில் இருக்கும் வேறெதையும் தொடாதீர்கள்.

இடம் எங்கே போதவில்லை என்பதைச் செய்தி எப்போதும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் (விண்டோஸ் கிளம்பாதபோது சரிசெய்யும் கருவிகள் இருக்கும் பகுதி) 250 எம்பி காலி இடம் கேட்டது. இல்லாதவர்களுக்கு 80070643 என்று முடியும் பொதுவான பிழை எண்ணைத்தான் காட்டியது. இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் சிஸ்டத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: 32 ஜிபி இ-எம்எம்சி (போர்டிலேயே பதித்த சேமிப்பு சிப்) உள்ள சின்ன லேப்டாப். விண்டோஸ் 11 ஏறுமா?

ஏறாது. குறைந்தது 64 ஜிபி வேண்டும். மெமரி கார்டு போட்டாலும் கணக்கில் வராது.

கேள்வி: 500 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் சி-க்கு 80, டி-க்கு 190, இ-க்கு 195 என்று பிரித்துக் கொடுத்தார்கள். டி காலியாக இருக்கிறது, சி நிரம்பிவிட்டது. டி-யிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-யில் சேர்க்க முடியுமா?

பத்துப் பதினைந்து வருடமாக நான் சண்டை போடும் விஷயம் இது. ஃபைல்களை அடுக்க ஃபேட்16 (FAT16) என்ற பழைய முறை இருந்த காலத்தில் டாஸும் விண்டோஸ் 95-உம் ஒரு பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிக்கு மேல் தராது. பெரிய டிஸ்க் வாங்கினால் துண்டு போடாமல் வேறு வழி இல்லை. அந்தக் கட்டாயம் போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கடைகளில் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வருடம் என் அக்கா மகளுக்கு வாங்கிய புது லேப்டாப்பையும், நாங்கள் கேட்காமலேயே, மூன்றாகப் பிரித்துத்தான் கையில் கொடுத்தார்கள்.

'சி போனாலும் டி-யில் இருப்பது பத்திரம்' என்பார்கள். விண்டோஸை மறுபடி போடும்போது அது உண்மை. ஆனால் டி என்பது இன்னொரு டிஸ்க் அல்ல, அதே எஸ்எஸ்டியில் போட்ட கோடு. எஸ்எஸ்டி செத்தால் மூன்றும் ஒரே நொடியில் போகும். கல்யாணப் படங்களை டி-யில் வைத்துவிட்டு பேக்கப் இருப்பதாக நம்பியவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் பல. வேறு டிஸ்க்கில் இருப்பதுதான் பேக்கப். பிரித்தால் வேகம் கூடும் என்பதும் எஸ்எஸ்டியில் கிடையாது.

சரி, உங்கள் கேள்வி. முடியும், ஆனால் டி-யைச் சுருக்கினால் மட்டும் நடக்காது. சி-க்கு உடனே அடுத்து ஒட்டியிருக்கும் இடம்தான் சி-யில் சேரும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், சி-யை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் பொத்தான் மங்கலாகவே இருக்கும். டி-யில் ஏதாவது இருந்தால் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அதை நிறுத்தி வையுங்கள். அப்புறம் டிஸ்க் மேனேஜ்மெண்டில் டி-யை நீக்கி, சி-யை நீட்டுங்கள். நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கே நின்றால் அதை நீங்களே அழிக்காதீர்கள். அங்கே நிறுத்திவிட்டுப் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்குப் போகும்போது பூட் (/boot) பகுதியில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. பழைய கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஃபைல்களை ஆர்எம் (rm) கட்டளை போட்டு அழித்துவிடலாமா?

கூடாது. ஃபைல் போனாலும் அந்தக் கெர்னல் இருப்பதாகவே பேக்கேஜ் கணக்கு நினைக்கும். அடுத்த அப்டேட்டில் சிக்கல் வரும். ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையை பர்ஜ் சேர்த்து (apt autoremove --purge) ஓட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே சில நூறு எம்பி கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் கெர்னல் நீக்க வேண்டியிருந்தால், யூநேம் (uname -r) கட்டளையில் இப்போது ஓடுவது எது என்று பார்த்து அதை விட்டுவிட்டு, ஆப்ட் மூலமாகவே மற்றதை நீக்குங்கள். நிறுவும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பூட் தனியாக, சின்னதாக இருக்கும்.

கேள்வி: மேக்கில் 40 ஜிபி வீடியோக்களை அழித்து டிராஷையும் காலி செய்தேன். இடம் கூடவே இல்லையே?

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் ஓடினால், மேக் உள்ளேயே ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க் நிலையின் பதிவு) வைத்திருக்கும். அழித்த வீடியோ அதில் பிடிபட்டிருக்கும். சுமார் 24 மணி நேரத்தில் தானாக விடுபடும், ஒரு நாள் பொறுங்கள். இடம் போதாமல் மேக் அப்டேட்டை மட்டும் தொடங்காதீர்கள். பிக் சர் (மேக்ஓஎஸ் 11) வந்த புதிதில், இடம் போதுமா என்று பார்க்காமலேயே இன்ஸ்டாலர் வேலையை ஆரம்பித்து நடுவழியில் மாட்டிக்கொண்டது. பேக்கப் இல்லாத சிலர் ஃபைல்களையே இழந்தார்கள். 2021 பிப்ரவரியில் 11.2.1-இல்தான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது.

கேள்வி: 11-க்கு மாறிய மூன்றாம் நாளே இடம் வேண்டி விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை நீக்கிவிட்டேன். இப்போது பிரிண்டர் ஓடவில்லை. 10-க்குத் திரும்பலாமா?

அந்த வழியில் முடியாது. திரும்பத் தேவையான பழைய விண்டோஸ் அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. 10 நாள் விட்டிருந்தால் விண்டோஸே அதை நீக்கியிருக்கும், அதுவரை திரும்பும் பொத்தானும் இருந்திருக்கும். பிரிண்டர் கம்பெனி 11-க்கு டிரைவர் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு 10-ஐப் புதிதாகப் போட வேண்டியதுதான்.