மாடியில் வைத்த இரண்டாவது ரூட்டர்: தக்கலை நண்பருக்கு

வணக்கம். தக்கலை வீட்டின் மாடியில் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபையை மாடிக்கும் பரப்பும் கருவியாக வைத்த பின், கைப்பேசி வைஃபையில் இணைந்தும் இணையம் வரவில்லை என்றும், சில வேளைகளில் கீழ்த்தளத்திலும் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு ரூட்டர்களின் முகவரியும் 192.168.1.1 என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருப்பது போன்ற நிலை இது.

மாடி ரூட்டரை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றி, மடிக்கணினியோடு மட்டும் கேபிளில் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் லேன் (வீட்டுக்குள்ளான வலையமைப்பு) முகவரியை 192.168.1.2 என மாற்றிவிட்டு, சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரி வழங்கும் பொறுப்பு கீழ் ரூட்டருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அது வழங்கும் வரம்பு 192.168.1.100-இல் தொடங்குமாறு வைத்தால் மோதல் வராது. பிறகு, கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணைய இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

வைஃபை பெயர், கடவுச்சொல், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு ஆகியவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை மட்டும் கீழே 1, மேலே 11 எனப் பிரித்து வையுங்கள்.

கேபிளை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோக வேண்டாம். ஐப்பசி இடிமழையில் எங்கள் வீட்டு ரூட்டரின் லேன் போர்ட் ஒன்று அப்படித்தான் விளிம்பு கருகிப் போனது. படிக்கட்டு ஓரமாக உள்ளேயே இழுத்துவிடுங்கள்.